பழைய ‘ஏ’ வடிவக் கூடாரம் சென்னையில் எத்தனை வருடம் தாங்கும்?

வேளச்சேரி_நடைக்காரன்

வணக்கம் மக்களே. சித்தப்பா வீடு மாறுகிறார். பரணைக் காலி செய்ததில் இரண்டு பழைய கூடாரங்களை என் தலையில் கட்டிவிட்டார். இரண்டுமே அந்தக் காலத்து ‘ஏ’ வடிவம்: முன்னால் ஒரு கம்பம், பின்னால் ஒரு கம்பம், நடுவில் முகடு, இரண்டு பக்கமும் தரை வரை சரிவு. ஒன்று பச்சைப் பருத்தி கேன்வாஸ், இரும்புக் குழாய், தனியாகத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். இன்னொன்று நைலான், அலுமினியக் குழாய், உள்ளேயே தைத்த தரைத்துணி, மேலே போட தனியாக ஒரு மழைத்துணி.

நைலானை விரித்தால் மழைத்துணியின் உள்பக்கம் கையில் பிசுபிசு என்று ஒட்டுகிறது, ஒரு மாதிரி புளித்த வாடை வேறு. கேன்வாஸில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் அடி ஓரத்தில் கருப்புப் புள்ளிகள், முகட்டில் ஓர் இடத்தில் தையல் விட்டிருக்கிறது.

நான் போவது ஏலகிரி, ஜவ்வாது மலை, எப்போதாவது ஈசிஆர் பக்கம் தெரிந்தவர் தோப்பு. எதற்குச் செலவு செய்யலாம், எதைத் தூக்கிப் போடலாம்? பொதுவாகவே இந்த ரகம் எத்தனை வருடம் வரும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒற்றைக்கம்பம்

தம்பி, கூடாரத்துக்கு மொத்தமாக ஒரு வயது சொல்ல முடியாது. கம்பத்துக்கு ஒரு வயது, துணிக்கு ஒரு வயது, பூச்சுக்கு ஒரு வயது, தையலுக்கு ஒரு வயது. ‘ஏ’ வடிவத்தில் கம்பம் வளைவதில்லை, நேராக நிற்கிறது, பாரம் மேலிருந்து நேரே கீழே இறங்கிவிடுகிறது, மிச்ச இழுப்பையெல்லாம் கயிறும் முளையும் பார்த்துக்கொள்கின்றன. அதனால் சட்டம் போய் கூடாரம் போனது என்பது அபூர்வம். 1865-இல் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் முதலில் ஏறிய எட்வர்ட் விம்பர் ஆல்ப்ஸ் மலைக்காகச் செய்துகொண்ட கூடாரமும் இதே வடிவம்தான், இரண்டு முனையிலும் இரண்டிரண்டு கம்புகளைச் சாய்த்து நிறுத்தி மேலே துணி போட்டது. நூறு வருடத்துக்கு மேல் மலை ஏறுகிறவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஓட்டினார்கள்.

சாரணர் முகாம்களில் பிள்ளைகளோடு கேன்வாஸில் நிறையப் படுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கருப்புப் புள்ளியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பூஞ்சை கறை மட்டும் வைத்திருக்கலாம், நூலையும் தின்றிருக்கலாம், இரண்டும் வேறு. புள்ளி உள்ள இடத்தை இரண்டு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வெடுக்கென்று எதிரெதிர்ப் பக்கம் இழுங்கள். நல்ல துணி விறைத்து நிற்கும். அழுகிய துணி சத்தமே பெரிதாக இல்லாமல் காகிதம் கிழிவதுபோல் விட்டுவிடும். இந்தச் சோதனையை மூன்று இடத்தில் கட்டாயம் செய்யவேண்டும்: மண்ணில் படும் அடி ஓரம், முகடு, முளைக்கயிறு மாட்டும் வளையங்களைச் சுற்றி. நடுச்சுவர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

பழைய ராணுவ ரகமாக இருந்தால் அந்தப் பச்சை வெறும் சாயமாக இல்லாமலும் இருக்கலாம். அழுகாமல் இருப்பதற்காகக் காப்பர் நாப்தனேட் என்ற செம்பு மருந்து ஏற்றுவார்கள், அதுவே பச்சை கொடுக்கும். அப்படிப்பட்ட துணி பூஞ்சைக்கு நிறையத் தாக்குப்பிடிக்கும்.

குவிமாடம்_ரசிகன்

எல்லாம் சரி சார், ஆனால் எதற்கு இந்தப் பாடு? அந்த கேன்வாஸை ஜவ்வாது மலையில் யார் சுமப்பது? நல்ல டோம் கூடாரம் (வளைந்த கம்பிகளில் குவிமாடம் மாதிரி நிற்பது) இரண்டு மூன்று கிலோவில் முடிந்துவிடும், முளையே அடிக்காமல் நிற்கும், பாறையிலும் வைக்கலாம். ‘ஏ’ வடிவத்தின் இரண்டு பக்கமும் பெரிய தட்டைச் சுவர். குறுக்கே காற்று அடித்தால் துணி முகத்தில் வந்து படும். நார்த் ஃபேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள் 1975-இல் ஓவல் இன்டென்ஷன் என்று வளைகம்பிக் கூடாரத்தைக் கொண்டுவந்த பிறகு மலைக்காரர்கள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போனது சும்மா இல்லை.

ஒற்றைக்கம்பம்

எடை விஷயத்தில் சண்டைக்கு வரமாட்டேன், நீங்கள் சொல்வது நியாயம். கேள்வி நீண்டகால உழைப்பு என்பதால் சொல்கிறேன், டோமின் கம்பி எப்போதும் வளைந்த நிலையில் இருக்கிறது, அதுவும் விலை குறைந்ததில் கண்ணாடி நார்க் கம்பி. ஒரு துண்டு பிளந்தால் அதே தடிமன், அதே நீளம் தேடி அலைய வேண்டும். வெளியூர்க் காட்டில் பிளந்தால் அன்றைக்குக் கதை முடிந்தது.

காற்றைப் பற்றி: பக்கவாட்டுக் காற்றில் ‘ஏ’ வடிவம் சங்கடப்படும், உண்மை. அதனால்தான் எந்தப் பக்கம் முனையைத் திருப்புவது என்று முதலில் பார்க்கிறோம். நம் கடற்கரையில் இது சுலபம், மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வரும், இரவில் நிலத்திலிருந்து மேற்குக் காற்று. முகட்டைக் கிழக்கு மேற்காக வைத்தால் இரண்டுக்கும் முனைதான் எதிர்ப்படும், சுவர் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குக் காற்று, அப்போது கொஞ்சம் திருப்பிக்கொள்ள வேண்டும். சுவரின் நடுவில் ஒரு காது தைத்துப் பக்கவாட்டில் ஒரு கயிறு இழுத்தாலே உள்ளே அமுங்குவது பாதி குறைந்துவிடும்.

ரசாயனப்பூனை

வேளச்சேரி, அந்தப் பிசுபிசுப்புக்கு வருகிறேன். (பாலிமர் சம்பந்தப்பட்ட வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.)

நைலான் துணி தானாக மழையைத் தடுக்காது. உள்பக்கம் மெல்லியதாகப் பூசிய பாலியூரித்தேன் படலம்தான் தடுக்கிறது. அந்தப் படலத்தின் நீண்ட சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கும் ரகம்தான் விலை குறைவு, பழைய கூடாரங்களில் பெரும்பாலும் அதுதான். காற்றில் உள்ள ஈரமே அந்தப் பிணைப்பை வெட்டும். வெட்டும்போது அமிலம் உண்டாகும், அந்த அமிலம் அடுத்த வெட்டை வேகப்படுத்தும். அதாவது ஆரம்பித்துவிட்டால் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும் வேலை. நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பிசுபிசுப்பும் புளித்த வாடையும் அதன் அடையாளம். பல வருடம் போடாமல் வைத்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் போட்டவுடன் பொடிப்பொடியாக உதிருமே, அதுவும் இதே வேலைதான்.

இதில் வெயிலுக்கு, மழைக்கு, நீங்கள் எத்தனை தடவை முகாம் போனீர்கள் என்பதற்கெல்லாம் பெரிய பங்கில்லை. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து இருந்தால் போதும். சென்னைப் பரண் என்பது கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே, சித்திரை வைகாசியில் அடுப்பு. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போவது சாதாரணம். அதில் இறுக்கமாகச் சுருட்டி, பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூச்சைக் கொல்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஆய்வகத்தில்கூட இல்லை. வேதிவினை வேகம் ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அதை வைத்துப் பார்த்தால் ஊட்டியில் பெட்டியில் கிடந்த கூடாரமும் மாம்பலத்தில் பரணில் கிடந்த கூடாரமும் ஒரே வயதில் ஒரே நிலையில் இருக்காது.

போன பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஏதாவது பூசலாம், அவ்வளவுதான்.

வேளச்சேரி_நடைக்காரன்

நன்றி. சுரண்டி எடுத்துவிட்டுப் பூசுவது என்றால் எப்படி? கடையில் ஸ்ப்ரே விற்கிறார்களே, அதை அடித்தால் ஆகாதா? அப்புறம் உள் அறையும் தரைத்துணியும் பிசுபிசுக்கவில்லை, மழைத்துணி மட்டும்தான்.

ரசாயனப்பூனை

ஸ்ப்ரே என்பது துணியின் வெளிப்பக்கம் நீர் முத்தாக உருண்டு ஓடுவதற்கு. பூச்சு போன துணிக்கு அது மருந்தில்லை, தூறலுக்குத் தாங்கும், ஐப்பசி மழைக்கு நிற்காது. பழைய பிசினின் மேல் எதைப் பூசினாலும் உரிந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மிருதுவான பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும், மிச்சம் இருப்பதை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்புப் பக்கம் போகாமல். பிறகு குளியலறை இடுக்குக்கு அடைக்கும் சிலிக்கோனை மினரல் டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாகத் தடவுகிறவர்கள் உண்டு. சிலிக்கோனுக்கு எஸ்டர் பிணைப்பு இல்லை, ஈரம் அதை இப்படி வெட்டாது. ஒரே விஷயம், சிலிக்கோன் ஏறிய துணியில் அதன் பிறகு வேறு எந்த ஒட்டு நாடாவும் ஒட்டாது, சிலிக்கோன் மட்டும்தான் ஒட்டும். தையல் ஓரத்தில் உரியும் நாடாவை முழுசாக எடுத்துவிட்டு அங்கேயும் இதையே தடவவேண்டியதுதான்.

ஒரு முழு நாள் வேலை, கை நொந்துவிடும். செய்யலாமா என்று கேட்டால், உள் அறை நன்றாக இருப்பதால் நான் செய்ய மாட்டேன். அடுத்தவர் சொல்வதைப் பாருங்கள்.

தார்ப்பாய்க்கடை

பாரிமுனைப் பக்கம் தார்ப்பாய், பந்தல் படுதா, லாரி மூடி தைக்கிறோம். கூடாரமும் அப்பப்போ வரும்.

பூனை சார் கேட்டதற்கு நான் சொல்கிறேன். மழைத்துணியைத் தேய்க்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். ‘ஏ’ வடிவக் கூடாரத்துக்கு மழைத்துணி என்பது ஒரு நீளச் சதுரம், அவ்வளவுதான். முகட்டில் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது. பூச்சுப் போட்ட பாலியஸ்டர் துணியில் வெட்டி, ஓரம் மடித்து, வளையம் அடித்துக் கொடுத்துவிடலாம். டோமுக்கு இதைச் செய்யச் சொன்னால் நானே கும்பிட்டு அனுப்பிவிடுவேன், எல்லாம் வளைவு, எல்லாம் அச்சு வைத்து வெட்டுவது. உள் துணிக்கும் மழைத்துணிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும், ஒட்டிக்கொண்டால் மூச்சுக்காற்று வியர்த்து உள்ளே சொட்டும். நீலத் தார்ப்பாயைப் போடாதீர்கள், வெயிலில் சீக்கிரம் நொறுங்கும், காற்றில் படபடவென்று அடித்துத் தூங்கவும் விடாது.

கேன்வாஸ் முகட்டில் தையல் விட்டது பெரிய விஷயமில்லை. அந்த இடம்தான் முதலில் போகும், எல்லா இழுப்பும் அங்கேதான் வந்து சேருகிறது. விட்ட தையலின் மேலேயே இன்னொரு தையல் போடச் சொல்லாதீர்கள், பழைய ஓட்டைகளும் புது ஓட்டைகளும் சேர்ந்து துணியைத் தபால்தலை ஓரம் ஆக்கிவிடும். முகடு நீளத்துக்கும் உள்பக்கம் ஒரு பெல்ட் நாடா வைத்து, இரண்டு ஓரத்திலும் தைத்துவிட்டால் இழுப்பு நாடாவுக்குப் போய்விடும், துணி சும்மா தொங்கும். தையல் கொஞ்சம் அகலமாக, மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல். ஊசி 18 நம்பர். நூல், உள்ளே பாலியஸ்டர் வெளியே பருத்தி சுற்றினது கிடைத்தால் கேன்வாஸுக்கு அதுதான் ராஜா. நனைந்தால் பருத்தி உப்பி ஊசி ஓட்டையை அடைத்துவிடும், பாலியஸ்டர் பலம் கொடுக்கும்.

வளையங்களைப் பாருங்கள். இரும்பு வளையமாக இருந்து துருப்பிடித்திருந்தால், துருவே சுற்றியுள்ள பருத்தியைத் தின்றுவிடும். வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு மடிப்புத் துணி ஒட்டுப் போட்டு, பித்தளை வளையம் அடிக்க வேண்டும்.

பழவேற்காடு_நாரை

தார்ப்பாய்க்கடை அண்ணா சொன்ன வளைய விஷயம் கடல் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு மடங்கு. நான் பறவை பார்க்கப் பழவேற்காடு, கோடியக்கரை என்று உப்புக்காற்றிலேயே கூடாரம் போடுகிறவள். உப்பு காய்ந்து துணியிலும் ஜிப்பிலும் உட்காரும், அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் நீங்கள் காய்ந்தது என்று மடித்த துணி உண்மையில் காய்ந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலச வேண்டும், சென்னையில் போர்த் தண்ணீர் சில ஏரியாக்களில் கடல் தண்ணீருக்குத் தம்பி, அங்கே இருப்பவர்கள் கார்ப்பரேஷன் தண்ணீரைப் பிடித்து வைத்துச் செய்யுங்கள். அலுமினியக் குழாய் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடத்தில் வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும், பிறகு கழட்டவே முடியாது. அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மெழுகுவர்த்தியை ஒரு தேய்ப்பு. இரும்புக் குழாய் என்றால் உள்ளே தேங்கிய தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, செங்குத்தாக நிறுத்திக் காயவையுங்கள், துரு உள்ளிருந்துதான் வரும்.

ஜிப்: பல் போய்விட்டது என்று எல்லாரும் ஜிப்பையே மாற்றுகிறார்கள். பெரும்பாலும் போனது ரன்னர்தான். மணல் புகுந்து புகுந்து ரன்னரின் வாய் அகலமாகிவிடும், அப்புறம் அது ஓடும், ஆனால் பின்னால் ஜிப் பிளந்துகொண்டே வரும். சின்னக் குறடால் ரன்னரின் பின்பக்க இரண்டு ஓரத்தையும் மாற்றி மாற்றி லேசாக நெருக்கினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். பலமாக அழுத்தினால் உடைந்துவிடும். அதுவும் ஆகவில்லை என்றால் ரன்னர் மட்டும் வாங்கி மாட்டலாம், பழைய ஜிப்பைக் கையில் எடுத்துப்போய்க் காட்டி அதே நம்பர் கேளுங்கள். பழைய கேன்வாஸில் ஜிப்பே இருக்காது, நாடா முடிச்சுதான், அதற்குக் கெடுவதற்கே ஒன்றுமில்லை.

குவிமாடம்_ரசிகன்

சரி, கடைக்காரர் சொன்ன சதுர மழைத்துணி விஷயம் எனக்கு உண்மையிலேயே தோன்றியதில்லை. ஆனால் ‘ஏ’ வடிவத்திலும் தானாக நிற்கும் ரகம் உண்டே, அமெரிக்காவில் சாரணர் பசங்க கொண்டுபோவார்கள், யுரேகா டிம்பர்லைன் என்று. இரண்டு முனையிலும் அலுமினியக் குழாய் ‘ஏ’ எழுத்தாக நின்று, மேலே ஒரு முகட்டுக் குழாய் அவற்றை இணைக்கும். அதில் குழாய்களைச் சேர்க்கும் மூலைத் துண்டுகள் பிளாஸ்டிக். அவை போனால் உங்கள் நேர்க்கம்பத் தத்துவம் என்ன ஆகும்?

ஒற்றைக்கம்பம்

மூலைத் துண்டுதான் அந்த ரகத்தின் பலவீனம், மறுக்கவில்லை. பிளாஸ்டிக் வெயிலில் வறண்டு வெடிக்கும். ஆனால் குழாய் நேர்க்குழாய்தானே, லேத் பட்டறையில் கொடுத்தால் உள்ளே நுழைகிற மாதிரி அலுமினியத்தில் கடைந்து கொடுப்பார்கள். அம்பத்தூர், கிண்டி பக்கம் அதற்கா பஞ்சம்?

மொட்டைமாடி_வாசி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். பிள்ளைகளுக்காகக் கோடை விடுமுறை முழுக்க மாடியில் ஒரு ‘ஏ’ வடிவ நைலான் கூடாரம் போட்டே வைக்கலாம் என்று இருக்கிறேன். தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேன்களில் கயிற்றைக் கட்டினால் நிற்கிறது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் அப்படியே விட்டால் கெட்டுவிடுமா?

ரசாயனப்பூனை

கெட்டுவிடும். நைலானுக்குப் பெரிய எதிரி புற ஊதாக் கதிர். சென்னையில் கோடை நண்பகல் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும், உலக அளவுகோலில் அது ‘மிக அபாயம்’ என்ற கடைசிப் படி. சாயம் வெளுத்தால் தெரியும், ஆனால் வெளுக்காமலே நூலின் பலம் குறைந்துகொண்டு வரலாம், அதுதான் ஏமாற்று. ஒருநாள் சும்மா இழுத்தால் கிழியும். பாலியஸ்டர் இதே வெயிலில் நைலானைவிட நன்றாகத் தாங்கும், நனைந்தாலும் நைலான் அளவுக்கு நீளாது. இழுவைக்கும் கிழிசலுக்கும் நைலான் பலசாலி, வெயிலுக்குப் பாலியஸ்டர்.

மாடிக்கு என்றால் கேன்வாஸ் போடுங்கள், இல்லையென்றால் பழைய பாலியஸ்டர் படுதா ஒன்றை மேலே ஒரு அடி தள்ளிக் கட்டி, அதை வெயிலுக்குப் பலி கொடுங்கள். நைலான் கூடாரத்தைக் காலையில் போட்டுப் பத்து மணிக்குள் சுருட்டுவது உத்தமம். பிள்ளைகளும் அந்த நேரத்துக்கு மேல் உள்ளே இருக்க மாட்டார்கள், வெந்துவிடும்.

ஒற்றைக்கம்பம்

கேன்வாஸுக்கும் வெயில் ஆகாது, ஆனால் மெதுவாகத்தான் தின்னும். அதன் எமன் ஈரம். பருத்தி நனைந்தால் நூல் உப்பி இடுக்குகள் அடைபடும், அதனால்தான் எந்தப் பூச்சும் இல்லாமலே மழையை வடிக்கிறது. புதுக் கேன்வாஸை முதலில் நனைத்துக் காயவைத்துப் பழக்க வேண்டும் என்பதும் இதற்குத்தான், தையல் ஓட்டை அப்போதுதான் அடையும். நடைக்காரன் தம்பி, உங்களுடையதைத் தைத்து வாங்கியதும் ஒருமுறை இதைச் செய்யுங்கள், புது ஊசி ஓட்டைகள் இருக்கும். மழையில் உள்ளிருந்து துணியைத் தொடாதீர்கள், தொட்ட இடத்தில் சொட்ட ஆரம்பிக்கும். சொட்டினால் அந்தப் புள்ளியிலிருந்து தரை வரை விரலால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், தண்ணீர் அந்த வழியே இறங்கிவிடும்.

கயிறு விஷயம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். மாலையில் விறைப்பாகக் கட்டிவிட்டுப் படுத்தால் நடுராத்திரி மழையில் அது இன்னும் சுருங்கி முளையைப் பிடுங்கும், முளை கெட்டியாக இருந்தால் வளையத்தைக் கிழிக்கும். மழை வாசனை வந்தாலே எழுந்துபோய் ஒரு பிடி தளர்த்திவிட வேண்டும். நைலான் கயிறு நேர் எதிர், நனைந்தால் தொய்யும், அதைக் காலையில் இழுத்துக் கட்ட வேண்டும். பழைய கேன்வாஸ்களில் வளையம் கிழிந்திருப்பதற்குப் பாதிக் காரணம் புயலே இல்லை, இந்தக் கயிறுதான். எனக்குப் பாலியஸ்டர் கயிறு பிடிக்கும், இரண்டு தொல்லையும் குறைவு.

பழவேற்காடு_நாரை

காசிமேட்டில் படகுச் சாமான் கடைகளில் நல்ல கயிறு கிடைக்கும். வழவழப்பான, தண்ணீரில் மிதக்கிற பாலிபுரோப்பிலீன் கயிற்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள், வெயில் பட்டால் தூளாகக் கொட்டி உள்ளங்கையில் சிலாம்பு ஏறும். கொசுவலை கிழிந்திருந்தால் கரூர் வலையை மீட்டர் கணக்கில் வாங்கித் தைக்கலாம், கதவு முக்கோணமாக இருப்பதால் வெட்டுவதும் எளிது.

மொட்டைமாடி_வாசி

நன்றி பூனை சார், படுதா யோசனை நல்லது. எடுத்து வைப்பது பற்றி: நாங்கள் அந்துருண்டை போட்டு ஸ்டீல் பீரோவில் வைக்கிறோம். போதுமா?

ரசாயனப்பூனை

அந்துருண்டை பூச்சிக்கு, அதுவும் கம்பளி தின்னும் அந்துக்கு. பூஞ்சையைத் தடுக்காது. பீரோ தப்பில்லை, பரணைவிட எவ்வளவோ மேல், ஆனால் வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் மழைக்காலத்தில் உள்ளே வியர்க்கும். பழைய வேட்டியில் தளர்வாகக் கட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மடிப்பில் மடிக்காமல் மாற்றி மாற்றி மடியுங்கள், மடிப்பு விழும் கோட்டில்தான் பூச்சு முதலில் வெடிக்கும். தை மாதம் ஈரம் குறைந்ததும் எடுத்து ஒருமுறை விரித்துவிடுங்கள். நைலான் நிழலில், கேன்வாஸ் வெயிலில்.

தார்ப்பாய்க்கடை

பிளீச்சிங் பவுடர் போட்டுக் கருப்புப் புள்ளியை எடுக்கிறேன் என்று யாரும் இறங்காதீர்கள். புள்ளி போகும், கூடவே துணியும் நூலும் போகும். கட்டி பிரஷ்ஷால் உலர்ந்தபடியே தட்டி எடுத்துவிட்டு, எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து, வெயிலில் போட்டு அலசுங்கள். கறை கொஞ்சம் நிற்கும், நிற்கட்டும். சோப்புத் தூள் வேண்டாம், கேன்வாஸின் பழைய மெழுகெல்லாம் இறங்கிவிடும். மெழுகு இறங்கிய துணிக்கு எங்கள் பெரியவர் ஒரு வழி செய்வார், பார் சோப்பைக் கரைத்து முக்கிக் காயவைத்து, பிறகு படிகாரத் தண்ணீரில் முக்குவார். இரண்டும் சேர்ந்து நூலுக்குள் தண்ணீரில் கரையாத ஒரு சோப்பாக உட்கார்ந்துவிடும். இப்போது ரெடிமேடு மருந்து வந்துவிட்டது, ஆனால் இது இன்னும் வேலை செய்யும்.

வேளச்சேரி_நடைக்காரன்

இன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் சோதித்தேன். கேன்வாஸில் நடுச்சுவர், முகடு இரண்டும் விறைப்பாக நிற்கின்றன. அடி ஓரம் ஒரு பக்கம் முழுக்க, ஒரு முழம் உயரத்துக்கு, இழுத்தால் விட்டுவிடுகிறது. வளையங்கள் இரும்பு, நாலைந்து துருப்பிடித்தவை. நைலானில் உள் அறை, தரைத்துணி நன்றாக இருக்கின்றன, மழைத்துணியை மட்டும் போட்டுவிடப் போகிறேன்.

என் முடிவு: மலைக்கு நைலானும் புது மழைத்துணியும். கேன்வாஸை ஈசிஆர் தோப்புக்கு, வண்டியில் போகும்போது. அடி ஓரத்தை வெட்டிவிட்டு வேறு துணி சேர்க்கலாமா? அப்புறம் இரும்புக் குழாயில் ஒன்று அடியில் துருவேறி மெலிந்திருக்கிறது. அதற்கு என்ன வழி?

தார்ப்பாய்க்கடை

சேர்க்கலாம் சார். அழுகின பாகத்தோடு நல்ல துணியையும் ஒரு கை அகலம் சேர்த்து வெட்டிவிட வேண்டும், பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் மேலே ஏறியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் கேன்வாஸ் வேண்டாம், லாரி மூடிக்குப் போடும் பி.வி.சி. பூசின துணியை வைப்போம், மண்ணோடு கிடந்தாலும் அழுகாது. இரட்டை மடிப்புத் தையல், மேல் துணி வெளிப்பக்கம் ஏறி இருக்கிற மாதிரி, அப்போதுதான் தண்ணீர் மடிப்புக்குள் நிற்காது.

ஒற்றைக்கம்பம்

குழாய்க்கு வழியா? தோப்பு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஈசிஆரில் தோப்பு என்றால் சவுக்கு, பந்தல் போடுகிறவர்களிடமும் கிடைக்கும். கையில் அடங்கும் தடிமனில் நேரான கம்பு ஒன்று, பழைய குழாயின் உயரத்துக்கு வெட்டி, பட்டையைச் சீவி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பூச்சி விழும். மேல் முனையில் ஒரு பெரிய ஆணியைப் பாதி அடித்து, தலையை அறுத்துவிட்டு, அரத்தால் மொண்ணையாக்குங்கள், அது முகட்டு வளையத்தில் நுழையும். கம்பு பிளக்காமல் இருக்க, ஆணி அடிப்பதற்கு முன் முனையில் கம்பி சுற்றிக்கொள்ளுங்கள். மணலில் நிறுத்தும்போது அடியில் ஒரு பலகைத் துண்டு. முளை மணலில் நிற்காது, சாக்கில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி முழங்கால் ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

குவிமாடம்_ரசிகன்

கடைக்காரரே, டோமுக்கு மழைத்துணி தைக்க மாட்டீர்கள் சரி, தரைக்கு அடியில் விரிக்க அறுகோணத்தில் ஒரு பி.வி.சி. விரிப்பு தைப்பீர்களா?

தார்ப்பாய்க்கடை

அது நேர்க்கோடுதானே, தாராளமாக. அளவைக் காகிதத்தில் வரைந்து கொண்டுவாருங்கள், கூடாரத்தின் அடியைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் உள்ளே இருக்கட்டும், வெளியே நீட்டினால் மழைத்தண்ணீரைப் பிடித்து உள்ளே அனுப்பும். ஞாயிறு கடை லீவு. நடைக்காரன் சார், நீங்கள் கேன்வாஸை நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள், ஈரத்தோடு வந்தால் மெஷினில் ஏற்ற மாட்டேன்.